நின்றிருக்க வேண்டிய மெஷின்

என்னைப் பற்றி உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள். பெரியவர் ஒரு சந்தேகப் பிராணி, பேனலில் விளக்கு எரிந்தாலும் நம்ப மாட்டார், மீட்டர் வைத்துப் பார்ப்பார், அந்த மீட்டர் சரிதானா என்று இன்னொரு மீட்டர் வைத்துப் பார்ப்பார் என்று. உண்மைதான். வீட்டிலும் இதே பாட்டுதான். பால்காரர் தாமாகவே "இன்னைக்குப் பால் சுத்தம்" என்று சொன்னால் அன்றைக்குத்தான் நான் பாலை முகர்ந்து பார்ப்பேன். யார் கேட்டார்கள், எதற்காகச் சொன்னார்? என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். பழைய மெஷின்களுக்குப் புதுக் கண்ட்ரோல் போடுகிற வேலையில் ஆயுளைக் கழித்தவனுக்கு இந்தக் குணம் ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தத் தொழிலுக்கு இப்போதுதான் வந்திருக்கிற உங்களுக்கும் கொஞ்சம் ஒட்டட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

புரோகிராம் எழுதுவதும் ஒயர் இழுப்பதும் நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வருகிறீர்கள். அதில் நான் வாய் திறக்கப்போவதில்லை. கொட்டேஷன் போடுகிற மேஜையில் நடப்பதைத்தான் சொல்ல வேண்டும். சாமான் ஒரு பக்கம், ஆள் வேலை ஒரு பக்கம். சாமான் பக்கத்தில் ஒரு வரியை அடித்தால் அந்தச் செலவு ஒழிந்துவிட்டதாக எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அது ஒழியாது. ஆள் வேலைப் பக்கத்தில் யாரோ ஒருவர் தலையில் போய் உட்காரும். யார் தலை என்று தெரிகிற வரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் காரைக்குடிப் பக்கத்து முதலாளிகளுக்குச் சாமான் வாங்கக் கை நடுங்கும், ஆள் வேலைக்கு நடுங்காது. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. இடித்த பெரிய வீடுகளின் கதவையும் நிலையையும் தேக்குத் தூணையும் கழற்றிக் கொண்டுவந்து விற்பதற்கென்றே தெரு வைத்திருக்கிற ஊர் இது. எதையும் கழற்றலாம், எங்கேயும் மாட்டலாம், ஆள்தான் இருக்கிறானே என்ற நினைப்பு இங்கே ரத்தத்தில் ஊறியது. அதற்காகப் புதுச் சாமான்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற கம்பெனிக்காரனை நம்பிவிடவும் கூடாது. அவனுக்கு விற்றாக வேண்டும். இரண்டு பக்கத்தையும் சந்தேகப்படுவதுதான் நம் வேலை.

அமராவதிபுதூர் தாண்டி ஒரு பீரோ கம்பெனி. விவசாயக் குடும்பத்துக்காரர், தண்ணீர் ஏறாத சொந்த நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு நடத்திக்கொண்டிருந்தார். பீரோக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். தகடு மடக்குகிற பெரிய பிரஸ் ஒன்றை எங்கோ மூடிய ஃபாக்டரியிலிருந்து பழசாக வாங்கி வந்திருந்தார். இரும்பு உடம்பு யானை மாதிரி உறுதியாக இருந்தது; கண்ட்ரோல்தான் செத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றிக் கொடுக்க எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டார். எங்கள் முதலாளியும் நானும் போனோம்.

பழைய ஒயர்களையே வைத்துக்கொள்ளலாமே என்று பீரோக்காரர் ஆரம்பித்தார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தேடியே ஆள்கள் நாள்களைக் கரைப்பார்கள், புது ஒயரே மலிவு என்று சொல்லிப் புரியவைத்தேன். ஒத்துக்கொண்டார். அடுத்துக் கொட்டேஷன் தாளில் அவர் விரல் போய் நின்ற இடம், கையைக் காப்பாற்றுகிற சாமான்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பிரஸ்ஸில் ஓட்டுபவர் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெடலை மிதிப்பார். மேல் தாடை இறங்கித் தகட்டை மடக்கும். இறங்கும்போது கை நடுவில் இருந்தால் கை போய்விடும். அதற்காக இரண்டு பக்கமும் கம்பம் நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை அடுக்கடுக்காகக் குறுக்கே ஓடவிடுவோம். ஏதாவது குறுக்கிட்டால் மெஷின் நின்றுவிடும். பட்டறைகளில் இதற்குக் கண் என்று பெயர். பீரோக் கதவு போன்ற பெட்டி வேலையில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கனவே மடக்கிய பக்கம் நிமிர்ந்து நின்று ஒளியை மறைக்கும். சாதாரணக் கண் அதையும் கை என்று எண்ணி மெஷினை நிறுத்திவிடும். மடக்குகிற பிரஸ்ஸுக்கென்றே செய்த லேசர் வகைக் கண் மேல் தாடையோடு சேர்ந்து இறங்கி, தகடு எது, கை எது என்று பிரித்துப் பார்க்கும். விலை அதிகம். நான் கொட்டேஷனில் எழுதியிருந்தது லேசர் வகை.

"சாதாக் கண்ணே போதும்ணே," என்றார் பீரோக்காரர். "பெட்டி வேலைக்கு அந்தக் கம்பத்த அங்குட்டுத் தள்ளி வச்சுக்கிட்டாப் போச்சு. ரெண்டு போல்ட்டு. நம்ம ஃபிட்டரு சும்மாதான இருக்காப்ல."

இந்தச் "சும்மா" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு நிமிர்ந்துவிடும். சும்மா இருக்கிற ஃபிட்டரை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை. போல்ட்டைக் கழற்றித் தள்ளினால் கம்பங்கள் நேர்கோட்டிலிருந்து விலகும், மறுபடி நேராக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இதே கூத்து என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவும் செய்தேன். எங்கள் முதலாளி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். அவருக்கு ஆர்டர் முக்கியம். லேசர் வரியை அவரே பேனாவால் அடித்தார்.

சாதாக் கண்ணை மாட்டினோம். ஒப்படைக்கிற அன்று இரும்புக் கம்பியை நீட்டி ஒவ்வோர் இடமாகச் சோதித்தேன். ஒழுங்காக நின்றது. பிரஸ் ஓட்டுவது வள்ளி என்கிற பெண். கோவிலூர்ப் பக்கம், முப்பது வயதை ஒட்டி இருக்கும். களையெடுப்பு, கட்டட வேலை எல்லாம் பார்த்துவிட்டு இங்கே வந்து, ஆண்கள் ஓட்டத் தயங்கிய மெஷினைப் பிடித்துக்கொண்டவள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "கை போனா நின்னுரும், பயப்பட வேண்டாம்மா" என்று சொல்லிக் காட்டிவிட்டு வந்தேன்.

முதலில் ஓயாமல் போன் வந்தது. கம்பத்தை நகர்த்தினோம், மெஷின் ஓட மறுக்கிறது, ஆள் அனுப்புங்கள் என்று. காரண்டி இருந்ததால் எங்கள் சர்வீஸ் ஆள் காசில்லாமல் போய்ப் போய் வந்தான். பிறகு போன் சுத்தமாக நின்றுவிட்டது. என்னப்பா ஆச்சு என்று அவனைக் கேட்டேன். "செட் ஆயிருச்சு சார்" என்றான். செட் ஆயிருச்சு என்பதும் எனக்குப் பிடிக்காத ஒரு சொல். ஆனால் நான் அப்போது வேறு வேலையாகத் திருமயம் பக்கம் அலைந்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை கழிந்து ஐப்பசி பிறந்ததும் பீரோக்காரர் போன் செய்தார். பேனல் திரை தொட்டால் கேட்க மாட்டேன் என்கிறதாம். போனேன். வாசலில் கட்டிய வாழைக்கன்று வாடிக் கிடந்தது, தரையெல்லாம் பொரி. திரையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பூஜைக்குச் சந்தனத்தைக் குழைத்து நாலு மூலையிலும் அப்பியிருக்கிறார்கள். அது ஓரத்தில் இறங்கிக் காய்ந்து பாறையாகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், திரை வேலை செய்தது.

"அம்புட்டுத்தானாண்ணே?" என்று பீரோக்காரரும் சிரித்தார். டீ வரவழைத்தார். "உங்க கண்ட்ரோல் போட்டதுக்கு அப்பறம் ரெட்டிப்பு வேல ஓடுதுண்ணே. நிக்கிறதே இல்ல."

நிற்பதே இல்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு பிரஸ் பக்கம் திரும்பினேன். சந்தனம் அப்பிய அதே கை எதையும் விட்டுவைக்கவில்லை. மோட்டாருக்கு ஒரு பொட்டு, பெடலுக்கு ஒரு பொட்டு. கண்கள் பதித்த கம்பத்துக் கண்ணாடியிலும் கட்டைவிரல் தடிமனுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

ஒளியைச் சந்தனம் மறைத்தால் மெஷின் நின்றிருக்க வேண்டும். பூஜை முடிந்த மறுநாளே இவர்கள் அலறிக்கொண்டு போன் செய்திருக்க வேண்டும். மெஷினோ ஓடிக்கொண்டிருந்தது. பேனலில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வள்ளி தகட்டை உள்ளே தள்ளுகிறாள், மிதிக்கிறாள், எடுக்கிறாள். நின்றுபோன மெஷின் எத்தனையோ பார்த்திருக்கிறேன், பதறியதில்லை. ஓடுகிற மெஷினைப் பார்த்துப் பதறியது அன்றைக்குத்தான்.

"வள்ளி, பெடல்ல இருந்து கால எடும்மா," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மறைக்காமல் சொல்கிறேன், என் சந்தேகம் முதலில் அவள் மேல்தான் போனது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள் வேகத்துக்காகக் கண்ணை ஏமாற்றுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்சலுக்கு மரப்பெட்டி அடிக்க வைத்திருந்த ஒரு சட்டத்தை எடுத்துத் தாடைக்கு நடுவில் நீட்டி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "இப்ப மிதி" என்றேன். விஷயம் தெரிந்தவளாக இருந்தால் தயங்குவாள். அவள் தயங்கவே இல்லை. நிற்கும் என்ற நம்பிக்கையில் சாதாரணமாக மிதித்தாள்.

சட்டம் படாரென்று முறிந்து, ஒரு துண்டு அவள் காலடியில் விழுந்தது.

"சார், இது நிக்கணும்ல?"

"நிக்கணும்மா."

அவள் அந்தத் துண்டைக் குனிந்து எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல கண்ணு மாட்டுறதுக்கு முன்னாடி பயந்து பயந்து வெரல் நுனியிலதான் சார் தகட்டப் பிடிப்பேன். கை போனா நின்னுரும்னு நீங்க சொன்னீகள்ல, அதுக்கு அப்பறந்தான் தாடைகிட்ட வரைக்கும் கையக் கொண்டுபோயி அணைச்சுப் பிடிக்கிறேன். அப்பத்தான கோணாம வருது." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்ப இம்புட்டு நாளா என்னைய யாரு சார் பாத்துக்கிட்டு இருந்தது?"

கண் இல்லாத மெஷினில் அவளுடைய பயமே அவளுக்குக் காவலாக இருந்தது. கண் என்று ஒன்றை மாட்டி, அந்தப் பயத்தை எடுத்துவிட்டு, பிறகு யாரோ கண்ணையும் அவித்துவிட்டார்கள்.

அடுத்த சந்தேகம் ஃபிட்டர். நாற்பது வயதுக்காரர், பேச்சுக் குறைவு. கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் பேனலத் தொட்டதே இல்லண்ணே," என்றார். "ஸ்பானரும் கையுமா நின்டு நின்டு எனக்கு முதுகு போச்சு. மொதலாளிகிட்டச் சண்டகூடப் போட்டேன். அப்பறம் ஒருநா உங்க ஆளு வந்து பேனலத் தெறந்து என்னமோ பண்ணாப்ல. இனிமே கம்பத்த நகட்டவே வேணாம், எல்லாம் அதுவாப் பாத்துக்கிரும்னாப்ல. நல்லதாப் போச்சுன்னு நானும் விட்டுட்டேன்."

பேனலைத் திறந்தேன். கண்ணிலிருந்து வருகிற செய்தியைத் தாண்டி, "எல்லாம் சரி" என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும்படி ஒரு துண்டு ஒயர். திருட்டு ஒயர் என்றால் பிய்த்துச் சுற்றி டேப் ஒட்டியிருப்பார்கள். இது அப்படி இல்லை. முனையில் நம்பர் அச்சிட்ட சின்ன மஞ்சள் உறை, ஸ்லீவ் என்போம். எங்கள் பேனல் ஷாப்பில் மட்டும் போடுகிற ஸ்லீவ். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

வெளியே போய் எங்கள் முதலாளிக்குப் போன் செய்தேன். ஒயர் போட்டது யார் என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குச் சந்தேகம் உண்டு.

"சத்தம் போடாம அந்த ஒயர எடுத்துருங்க," என்றார். "கண்ணத் தொடச்சுவிட்டு வந்துருங்க. கேட்டா டிஸ்ப்ளேல வேலைன்னு சொல்லுங்க. விசயம் வெளிய போச்சுன்னா நம்மள ஒருத்தரும் கூப்பிட மாட்டாக."

எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நாளைக் காலையில் பெட்டி வேலை வரும், மெஷின் நிற்கும், ஃபிட்டர் ஸ்பானரைத் தூக்குவார், போன் வரும், சர்வீஸ் ஆள் ஓடுவான். ஐந்தாறு தடவை ஓடிய பிறகு அதே துண்டு ஒயர் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒயர் எங்கள் சர்வீஸ் பையனின் திருட்டுத்தனம் மட்டுமில்லை. கொட்டேஷனில் அடித்த லேசர் வரிதான் அங்கே வந்து நிற்கிறது. பீரோக்காரர் சாமானை மிச்சம் பிடித்தார், அது ஃபிட்டர் முதுகில் ஏறியது. ஃபிட்டர் முடியாது என்றார், எங்கள் சர்வீஸ் ஆளின் நடையில் ஏறியது. எங்கள் கம்பெனி அந்த நடையை மிச்சம் பிடித்தது. கடைசியில் எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் வள்ளியின் கை. அவளிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளே வந்து மெயின் ஸ்விட்சை இறக்கி, என் பையிலிருந்த பூட்டைப் போட்டுப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பீரோக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர் போட்டது எங்கள் ஆள் என்பதையும் சேர்த்து.

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஏண்ணே, நீங்களே ஏமாத்திட்டு நீங்களே பூட்டுறீகளா?"

நியாயமான கேள்வி. தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஐப்பசி முகூர்த்தம்ணே. சீர் பீரோ அம்புட்டும் மடக்காமக் கெடக்கு. பொண்ணு வீட்டுக்காரக வாசல்ல வந்து நிப்பாக, நான் என்னத்தச் சொல்றது? முகூர்த்தம் முடியட்டும். அது வரைக்கும் பாத்துப் பதனமா ஓட்டிக்கிரும். ஏ வள்ளி, ஓட்டிக்கிருவீல்ல?"

வள்ளி அவரையும் என்னையும் பார்த்தாள். கையில் இன்னும் அந்த மரத்துண்டு இருந்தது. "பொண்ணுக்குச் சீர் போகட்டும் மொதலாளி," என்றாள். "என் வெரலையுமா சேத்து அனுப்பணும்?"

மெஷின் பூட்டியே கிடந்தது. பீரோக்காரர் தகட்டை வண்டியில் ஏற்றித் தேவகோட்டை ரோட்டில் வேறொரு பட்டறையில் மடக்கி வாங்கிச் சமாளித்தார். ஏற்றி இறக்கியதில் கீறல் விழுந்த கதவுகளுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். எங்கள் முதலாளி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பிறகு இரண்டு முதலாளிகளும் உட்கார்ந்து பேசி லேசர் வகையை வரவழைத்தார்கள். செலவை எப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் நாளே வாங்கியிருந்தால் இத்தனை பேர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்திருக்க வேண்டாம் என்பது மட்டும் தெரியும்.

லேசரை நானே போய் மாட்டினேன். ஒவ்வொரு முனையையும் என் கையால் முடுக்கினேன். கம்பி வைத்துச் சோதித்தேன், பெட்டித் தகடு வைத்துச் சோதித்தேன். தகட்டை மடக்கியது, கம்பிக்கு நின்றது. பீரோக்காரர் கைகூப்பினார். "ஓட்டலாம்மா," என்றேன் வள்ளியிடம்.

அவள் பெடல் பக்கம் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அன்னைக்கும் கம்பிய வச்சுத்தான சார் காட்டுனீக?"

"ஆமா."

"அன்னைக்கும் நின்டுச்சுல்ல?"

"நின்னுச்சும்மா."

"கம்பிக்கு நின்டது போதும் சார். உங்க கைய வையுங்க. நான் மிதிக்கிறேன்."

"ஏத்தா, பெரிய மனுசன்ட்ட என்ன பேச்சு இது," என்று பீரோக்காரர் சத்தம் போட்டார். அவரைக் கையமர்த்தினேன். சோதனைக்குக் கம்பிதான் வைக்க வேண்டும், கை வைக்கக் கூடாது. நீங்கள் யாரும் இதில் என்னைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவளிடம் விதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் சொல்லை நம்பி அவள் வைத்தது கம்பியை அல்ல.

கையை நீட்டப் போனவன், "ஒரு நிமிசம்மா" என்று சொல்லிவிட்டு, பேனலை மறுபடி திறந்தேன். நானே முடுக்கிய முனைகளை நானே இழுத்து இழுத்துப் பார்த்தேன். என் ஆயுளில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். எங்கள் கம்பெனியையும் என்னையும் அந்த ஒரு நிமிடம் சந்தேகப்பட்டது போல யாரையும் பட்டதில்லை. வள்ளி நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கவில்லை.

திரும்பி வந்து, வலது கையை விரித்துத் தாடைக்குக் கீழே வைத்தேன். வேர்வையில் இரும்பு பிசுபிசுத்தது. அவள் மிதித்தாள். மேல் தாடை இறங்கியது. என் புறங்கைக்கு விரற்கடை தூரத்தில் நின்றது.

கையை எடுக்கப் போனேன். "இருங்க சார்," என்றாள். காலை எடுத்து, தாடை மேலே போகும் வரை பொறுத்து, மறுபடி மிதித்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை அதே இடத்தில் நின்றது. பிறகு, "எடுத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு, குனிந்து அடுக்கிலிருந்து ஒரு தகட்டை எடுத்தாள்.